வெள்ளியோடு செம்புக்காரர் வீட்டுக்கு

ரோமா மக்களிடம் நகை வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: எந்த ரோமா? பெரும்பாலும் பதில் வராது. அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நானும் விழித்திருப்பேன். ஆனால் நான் முன்பணம் கட்டிய அந்த ருமேனியச் சுற்றுலா நிறுவனத்துக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்கு அதுதானே பிழைப்பு!

ருமேனியாவில் ரோமா என்பது ஒரே கூட்டம் இல்லை. பல பிரிவுகளுக்குச் செய்த தொழிலே பெயர். கால்தெராஷ் என்றால் செம்புப் பாத்திரம் அடிப்பவர்கள். அர்ஜின்தார் என்றால் வெள்ளி வேலை. லிங்குரார் மரக்கரண்டி செதுக்கியவர்கள், உர்ஸார் கரடி ஆட்டியவர்கள், இன்னும் இரும்படித்தவர்கள், செங்கல் அறுத்தவர்கள் என்று நீளும். வல்லாக்கியா, மொல்தாவியா என்ற இரண்டு நாடுகளிலும் 1855, 1856 வரை இவர்கள் அரசுக்கும் மடங்களுக்கும் பெருநிலக்காரர்களுக்கும் சொந்தமான அடிமைகள். அதற்குப் பிறகும் தொழில் மாறாமல் அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போனது. ஆகவே கால்தெராஷ் வீட்டில் போய் வெள்ளி வளையல் கற்றுக்கொடுங்கள் என்று நிற்பது, குயவரிடம் தாலி செய்யச் சொல்வது மாதிரி. நான் அப்படித்தான் போய் நின்றேன். பணம் கட்டி, ரசீது வாங்கி, ரயிலேறிப் போய் நின்றேன்.

நான் ஒன்றும் தெரியாமல் போனவள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை ஒன்றில் உட்கார்ந்து கம்பி இழுக்கவும் வெண்காரம் தடவிப் பொடி வைத்துப் பற்றவைக்கவும் பழகியிருந்தேன். வீட்டில் அறுந்த கொலுசு, தேய்ந்த மெட்டி, திருகு போன குங்குமச்சிமிழ் என்று ஒரு சுருக்குப்பை நிறைய வெள்ளி கிடந்தது. உங்கள் வீட்டுப் பீரோவிலும் கிடக்கும். அதையெல்லாம் உருக்கித் தகடாகவும் கம்பியாகவும் ஆக்கி எடுத்துக்கொண்டேன். என் மாமியாரின் கால் கொலுசும் அதில் சேர்ந்துவிட்டது. அந்தக் கதை வேறு.

விசா, டிக்கெட் எல்லாம் வழக்கம்போலத்தான். ருமேனியா 2024 மார்ச் கடைசியில் விமான, கடல் வழிக்கும் 2025 ஜனவரி முதல் தரைவழிக்கும் ஷெங்கன் பகுதியில் சேர்ந்துவிட்டது. ஷெங்கன் விசா போதும். புக்கரெஸ்ட்டிலிருந்து பிரஷோவ், சிகிஷோவாரா வழியாக மெதியாஷுக்கு ரயில். அங்கிருந்து சில கிலோமீட்டரில் பிரத்தேயு. சிபியூவிலிருந்து மெதியாஷ் வழியாகச் சிகிஷோவாரா போகும் நெடுஞ்சாலை ஊருக்குள்ளேயே ஓடுகிறது. சாலையோரம் செம்புக் கொப்பரை, தாம்பாளம், சாராயம் காய்ச்சும் வாலை, செம்பு வளையல் எல்லாம் வெயிலில் பளபளத்தபடி விற்பனைக்கு நிற்கும். பார்த்த உடனேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வெள்ளி ஒரு குன்றிமணிகூட அங்கே இல்லை.

அந்த நிறுவனத்தின் விளம்பரம் "பரம்பரை ரோமா வெள்ளி நகைப் பட்டறை" என்றது. கூட ஒரு வழிகாட்டி வந்தார். பட்டறைக்காரர் அகலத் தொப்பியும் பெரிய மீசையுமாக இருந்த பெரியவர். காக்கோ என்று கூப்பிடச் சொன்னார்கள். அவர்கள் பேச்சில் மாமா. நான் தகட்டைப் பிரித்துக் காட்டினேன். அவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு நிதானமாக இரண்டு மூன்று வாக்கியம் சொன்னார். வழிகாட்டி என்னிடம் திரும்பி, "உங்கள் வெள்ளி ரொம்ப நன்றாக இருக்கிறதாம்" என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்று பெரியவர் உண்மையில் சொன்னது என்ன என்று பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருந்தது.

செம்புப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளீயம் பூசுவார்கள். நம் தெருக்களில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்தவர்கள் செய்த அதே வேலை: பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, உருகிய வெள்ளீயத்தைப் பஞ்சால் உள்ளே வழித்துத் தேய்ப்பது. அந்தப் பட்டறையின் ஒவ்வொரு அரத்தின் பல்லிலும் ஒவ்வொரு கம்பித் தூரிகையிலும் கரி அடுப்பின் சாம்பலிலும் வெள்ளீயத் துகள் இருந்தது. செம்புக்காரருக்கு அது கேடு இல்லை. வெள்ளிக்கு எமன். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அடித்து இறுகிய வெள்ளியை இளக்க 600 டிகிரிக்கு மேல் காய்ச்ச வேண்டும். மேலே ஒட்டிய துகள் அதற்கு வெகு முன்பே உருகி, சூடு ஏற ஏற வெள்ளியோடு கலந்து உள்ளே இறங்கும். இறங்கிய இடம் பொரபொரவென்று நொறுங்கும், இல்லாவிட்டால் பள்ளம் விழும். காரீயமும் இதையே செய்யும். வெள்ளிப் பட்டறைக்காரர்கள் இதனால்தான் ஈயம் பட்ட அரத்தைத் தனியாக வைப்பார்கள். சேலத்தில் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, அங்கே ஈயத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கும் பைத்தியக்காரர் யாரும் இல்லாததால்.

முதல் அறிகுறி வேறு விதமாக வந்தது. காய்ச்சிய தகட்டின் கருப்பை எடுக்க அவர்களுடைய ஆசிட் தொட்டியில் இரும்புக் குறடால் பிடித்து முக்கினேன். வெளியே எடுத்தால் வெள்ளி ரோஜா நிறத்தில் இருக்கிறது. செம்பைக் கழுவிக் கழுவி அந்த ஆசிட்டில் செம்பு கரைந்து கிடந்தது. இரும்பு உள்ளே போனதும் அது வெள்ளியின் மேல் படிந்துவிட்டது. மேல்பூச்சுதானே என்று தேய்த்துப் போக்கினேன். எதால் தேய்த்தேன்? அவர்கள் தூரிகையால். விளிம்பை எதால் ராவினேன்? அவர்கள் அரத்தால். பிறகு முறுக்கிய கம்பியை ஓரத்தில் பற்றவைக்கத் தகட்டை அடுப்பில் வைத்தேன். வெண்காரம் உருகி ஓடி, தகடு மங்கிய சிவப்புக்கு வரும் நேரம். மேலே ஊசி முனை அளவில் கருப்புப் புள்ளிகள். எடுத்து ஆற வைத்து, வளைக்கலாம் என்று லேசாக அழுத்தினால் நடுவில் பிஸ்கட் மாதிரி உடைந்தது. மிச்சம் இருந்ததை உருக்கி மறுபடி தகடாக்கலாம் என்று நினைத்தது அதைவிடப் பெரிய அழிவு. உருக்கினபோது ஈயம் முழுவதும் கலந்துவிட்டது. அடிக்க அடிக்கப் பிளந்தது. மாமியார் கொலுசு, என் மெட்டி, எல்லாம் சேர்த்து.

பெரியவர் அதில் ஒரு துண்டை எடுத்து விரலாலேயே ஒடித்து என் உள்ளங்கையில் வைத்தார். அவர் பேத்தி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கிற பெண், அப்போதுதான் வாய் திறந்தாள்: "தாத்தா முதல் நாளே சொன்னாரே, பீபி. வெள்ளி வெள்ளிக்காரன் வேலை, நான் செம்புக்காரன், இதை என் அடுப்பில் வைக்காதே என்று." பீபி என்றால் அத்தை, சித்தி. அத்தைக்கு அந்த நேரத்தில் வழிகாட்டியின் கழுத்து கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல விரும்பவில்லை.

ஊரில் எல்லோரும், முக்கியமாக என் கணவரும், அன்றே திரும்பியிருக்க வேண்டும் என்கிறார்கள். பணத்துக்கு மேல் விடுப்பையும் ஏன் விட்டாய் என்று கேட்கிறார்கள். நான் திரும்பவில்லை, அது சரியான முடிவு. பெரியவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நிறுவனம் அவருக்குக் கொடுத்ததையும் என்னிடம் வாங்கியதையும் பேத்தியை வைத்துக் கணக்குப் பார்த்தோம். அவர் கைக்கு வந்தது மிகச் சொற்பம். "இனி நேராகப் பேசுவோம்" என்றார். பேசினோம். செம்பு கற்றேன்.

செம்பு வளையல் எளிது என்று நினைப்பவர்களுக்கு: தகடு வெட்டுவதும் வளைப்பதும் யாரும் செய்வார்கள், அதை இங்கே எழுதப் போவதில்லை. அடிதான் வேலை. தரையில் ஊன்றிய இரும்பின் மேல் தகட்டை வைத்து, ஒரு அடியின் தடத்தில் பாதி மேல் அடுத்த அடி விழும்படி வரிசை பிடிக்க வேண்டும். சுத்தியல் முகம் கண்ணாடியாக இருக்க வேண்டும். அதில் ஒரு கீறல் இருந்தால் அது ஒவ்வொரு அடியிலும் தகட்டில் அச்சாகும். அடிக்க அடிக்கச் செம்பு விறைக்கும், ஓசையும் மாறும். பெரியவர் முதுகைக் காட்டிக்கொண்டு வேறு வேலை செய்வார். என் தகட்டின் ஓசை கணீரென்று உயர்ந்ததும் திரும்பாமலே "நெருப்பு" என்பார். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிவிடும். இரும்புக்குப் பழகியவர்கள் தண்ணீரில் போட்டால் இறுகும் என்று பயப்படுவார்கள். செம்பில் அந்தப் பயம் வேண்டாம். இளக்க வேண்டிய நேரத்தைத் தவறவிட்டு அடித்தால் விளிம்பில் மயிரிழை விரிசல் விழும், அது பிறகு போகாது. கோடும் புள்ளியும் உளியால் அடிக்கிற அலங்காரத்தை வளைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

வளையல் வாங்க வருகிறவர்களிடம் மூட்டுவலி போகும் என்று சாலையோரத்தில் சொல்வார்கள். நாமும் செம்பு மோதிரத்துக்கு இதையே சொல்கிறோம். யார்க் பல்கலைக்கழகத்தார் முடக்குவாதம் உள்ள 70 பேரை வைத்துச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். பலன் ஒன்றும் காணவில்லை. வியர்வை பட்டால் கை பச்சையாகும், அது மட்டும் உறுதி. அழகுக்குப் போடுங்கள்.

நடந்துகொள்ளும் முறையில் சில. பெண்கள் நீளப் பாவாடையோடு போங்கள். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போய்ப் பிறகு அவர்கள் முறைத்தார்கள் என்று எழுத வேண்டாம். கீழே கிடக்கும் கருவியைத் தாண்டி நடக்கக் கூடாது, சுற்றிப் போக வேண்டும். கை கழுவும் தொட்டியில் வேறு எதையும் கழுவக் கூடாது. தீட்டு, சுத்தம் எல்லாம் நமக்குப் புதிதா என்ன, உடனே பிடிபடும். சுத்தியல் ஆண்கள் வேலை. நான் வெளியூர்க்காரி என்பதால் விட்டார்கள், அதுவும் பெரியவரின் மனைவி சரி என்று தலையாட்டிய பிறகுதான்.

தங்கக் காசைக் காட்டச் சொல்லவே சொல்லாதீர்கள். கால்தெராஷ் பெண்களின் உண்மையான நகை அதுதான்: பழைய ஆஸ்திரிய டுகாட் காசுகளைக் கோத்துக் கழுத்தில் போடுவது, சடையில் சேர்த்துப் பின்னுவது. குடும்பத்தின் சேமிப்பு, கல்யாணச் சீர், கௌரவம் எல்லாம் அந்தச் சரத்தில் இருக்கிறது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் போலீஸ் வீடு புகுந்து அந்தக் காசுகளைப் பறிமுதல் செய்தது. 1989க்குப் பிறகு திருப்பிக் கேட்டுக் குடும்பங்கள் வழக்காடின. அப்படிப்பட்ட வீட்டில் கேமராவும் கையுமாக நின்று தங்கம் எங்கே என்று கேட்டால் என்ன பதில் வரும்? என்னோடு ஒருநாள் வந்த ஒரு பயணி கேட்டார். பேத்திகூட மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

நாமெல்லாம் ஒரே ரத்தம் என்று ஆரம்பிக்கிற இந்தியர்களும் உண்டு. ரோமானி மொழி இந்திய-ஆரியக் குடும்பம், அது நிறுவப்பட்ட உண்மை. 1971இல் லண்டன் அருகே கூடிய முதல் உலக ரோமா மாநாடு ஏற்ற கொடியிலும் பதினாறு ஆரச் சக்கரம் இருக்கிறது. ஆனால் ஆயிரம் வருஷத்துக்கு முன் கிளம்பிப் போனவர்களிடம் போய் உறவு கொண்டாடித் தள்ளுபடி கேட்பது அசிங்கம். பெரியவருக்கு இந்தியா என்றால் ராஜ்கபூரின் 'ஆவாரா'. ருமேனியாவில் அந்தக் காலத்தில் அது பெரிய ஓட்டம் ஓடிய படம். பாட்டை முணுமுணுத்தார். செம்புத் தகட்டுக்கு முழு விலை வாங்கினார்.

வெள்ளிதான் வேண்டும் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. புடாபெஸ்ட்டில் எரிகா வர்கா என்ற ரோமா பொற்கொல்லர் 'ரோமானி டிசைன்' என்ற பெயரில் நகையும் உடையும் வடிவமைக்கிறார். புக்கரெஸ்ட்டில் ரோமா கைவினைஞர்களின் பொருள்களை விற்கும் 'மெஷ்டெஷுகார் புட்டிக்' இருக்கிறது. வெள்ளிக்காரர் யார் என்று அங்கே கேட்கலாம். சிபியூவின் ஆஸ்ட்ரா திறந்தவெளி அருங்காட்சியகத்தில் ஆகஸ்ட் மாதம் கைவினைஞர் சந்தை கூடுகிறது. அதில் சுற்றி வந்து, யார் கை எந்த உலோகத்தில் ஓடுகிறது என்று கண்ணால் பார்த்தபின் பேசுங்கள். காபோர் என்ற இன்னொரு ரோமா பிரிவினரின் வீடுகளில் பழைய வெள்ளிக் கோப்பைகள் இருக்கின்றனவாமே, அங்கே போகலாமா என்று ஒரு தோழி கேட்டாள். அந்தக் கோப்பைகளைப் பெரும்பாலும் செய்தவர்கள் டிரான்சில்வேனியாவின் சாக்சன் வெள்ளிக்காரர்கள். காபோர்கள் அவற்றைப் பெருவிலைக்கு வாங்கிக் குலச்சொத்தாக வைத்திருப்பவர்கள். அங்கேயும் கற்க ஒன்றும் கிடைக்காது.

நிறுவனத்துக்குப் பலமுறை எழுதிவிட்டேன். "பங்கேற்பாளர் சொந்தப் பொருளுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்பதோடு அவர்கள் பதில் நின்றுவிட்டது. விளம்பரத்தில் இன்றும் வெள்ளிப் பட்டறை என்றுதான் இருக்கிறது. பிரத்தேயு போகிறவர்கள் தாராளமாகப் போங்கள், நல்ல கைகள் அங்கே இருக்கின்றன. வெள்ளியை மட்டும் வீட்டில் பூட்டிவைத்துவிட்டுப் போங்கள், கூலியைப் பட்டறைக்காரர் கையிலேயே கொடுங்கள்.