பாடநூலுக்கு அப்பால்

உயர்நிலைப் பள்ளிப் பருவம், மனிதன் தன்னைத்தானே அறியத் தொடங்கும் பருவமாகும். அப்பருவத்து மாணவனிடம் பெற்றோரும் உற்றாரும் கேட்பதோ பெரும்பாலும் ஒரே கேள்வி: 'எத்தனை மதிப்பெண்?' பாட்டு, நடனம், விளையாட்டு, தொண்டு ஆகியன பாடத்திற்குப் புறம்பானவை என ஒதுக்கப்படுகின்றன. அவை கல்விக்கும் புறம்பானவைதாமா?

கலைவிழா கற்பித்தது

கேரளத்தில் மாநிலப் பள்ளிக் கலைவிழா 1957 ஜனவரியில் எர்ணாகுளத்தில் தொடங்கியது. அடுத்த ஆண்டு விழாவில் வாய்ப்பாட்டில் முதற்பரிசு பெற்ற மாணவர் கே.ஜே. யேசுதாஸ். மிருதங்கத்தில் முதற்பரிசு பெற்றவர் பி. ஜெயச்சந்திரன். மிருதங்கம் வாசித்த அம்மாணவர் பிற்காலத்தில் புகழ்பெற்றது பாடகராக! பள்ளியில் பழகும் கலை நாளைய தொழிலை முடிவு செய்வதில்லை. ஆனால் அதில் பெற்ற லயம் வீண்போவதுமில்லை.

பரிசு என்னும் தடை

நல்ல செயலும் பலனையே குறியாகக் கொண்டால் திசைமாறும். 1986இல் அவ்விழாவில் 'கலாதிலகம்', 'கலாபிரதிபா' என்னும் பட்டங்கள் அறிமுகமாயின. அவற்றால் ஆரோக்கியமற்ற போட்டி வளர்ந்தது. பின்னாளில் பட்டங்கள் கைவிடப்பட்டன. பட்டம் போயினும் கருணை மதிப்பெண் என்னும் ஈர்ப்பு தொடர்ந்தது. மதிப்பெண்ணுக்காகவே ஆடும் மாணவனுக்கு நடனமும் இன்னொரு தேர்வுத்தாளே. தேர்வு முடிந்ததும் சலங்கை பரணுக்குப் போய்விடும்.

பட்டியலில் இல்லாதவை

2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த விழாவில் முதன்முறையாகப் பழங்குடிக் கலைகள் போட்டிகளில் இடம்பெற்றன. மங்கலங்களி, பணிய நிருத்தம், மலைப்புலைய ஆட்டம், இருள நிருத்தம், பளிய நிருத்தம் என்பன அந்த ஐந்து. வரவேற்கத்தக்க மாற்றம் இது.

அதே மாவட்டத்தில், பொன்முடி மலையடிவாரத்தில் உள்ளது வித்துரா. தேசிய அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனம் ஒன்று அங்கு இயங்குகிறது. சுற்றியுள்ள காடுகளில் காணி மக்களின் குடியிருப்புகள் உள்ளன. குமரி, நெல்லை மாவட்டங்களின் மலைகளிலும் வாழும் இம்மக்களின் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தொலிக்கும். 'கொக்கரை' என்னும் இரும்புக் கருவியை உரசி ஒலியெழுப்பி அவர்கள் பாடும் சாற்றுப்பாட்டு, நோய் தீரவும் நலம் பெருகவும் வேண்டிப் பாடப்படும் சடங்குப் பாட்டு. அது அந்த ஐந்தில் இல்லை. சடங்கிலிருந்து பிரித்து அதை மேடையேற்றுவது தகுமா என்பதை அம்மக்களே முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் மேடையில் இடமில்லாத கலைக்குப் பள்ளியிலும் இடமில்லை என்றாகிவிடலாகாது. பாட்டனாரிடம் தாளம் கற்ற சிறுவன் வகுப்பில் 'ஒன்றும் தெரியாதவன்' எனப் பெயரெடுக்கக்கூடும். 'உங்கள் ஊரில் என்ன பாடுவார்கள்?' என ஆசிரியர் ஒருமுறை கேட்டால், அன்று அவன் கற்பிப்பவனாகிறான். தனக்கும் தருவதற்கு ஒன்று உண்டு என்று அறிந்த மாணவன் கணக்கையும் அச்சமின்றி அணுகுவான்.

இணைச் செயல்பாடுகளின் உண்மைப் பணி இதுவே: மாணவனுள் ஏற்கெனவே இருப்பதை வெளிக்கொணர்வது. தேர்வு அவனைத் தனியே அமர்த்துகிறது. கூட்டிசையோ அடுத்தவனின் தாளத்தைக் கேட்கப் பழக்குகிறது. இரண்டும் கல்வியே. இன்று மாலை பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்குமுன், 'இன்று யாரோடு சேர்ந்து என்ன செய்தாய்?' என்று பெற்றோர் கேட்கலாம்.