பழைய லாரியின் இழுவை

திண்டிவனம்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திருவக்கரைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றிச் செல்லும் உன் பழைய டாடா 1210, செஞ்சி சாலையில் சிறு மேடு வந்தாலும் திணறுகிறது என்றும், டீசல் பம்பின் சீலை உடைத்து டீசலைக் கூட்டினால் இழுவை வந்துவிடும் என்று விழுப்புரத்தில் யாரோ சொன்னார்கள் என்றும் எழுதியிருந்தாய். அந்த யோசனைக்கு இணங்குமுன், உன் வசம் வந்திருக்கும் யந்திரத்தின் இயல்பை நீ அறிந்துகொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஜாம்ஷெட்பூரில் ரயில் எஞ்சின் செய்வதற்காக 1945ல் ஏற்பட்ட டாடாவின் டெல்கோ கம்பெனி, 1954ல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து லாரி உற்பத்தியில் இறங்கிற்று. 1969ல் அந்த ஒப்பந்தம் முடிவுற்ற பின்னும் பென்ஸ் வம்சத்து எஞ்சின்கள் நம் சாலைகளில் நிலைத்துவிட்டன. உன் வண்டியில் பூட்டியிருக்கும் 697 எஞ்சினும் அவ்வம்சத்தைச் சேர்ந்ததே. 97 மில்லிமீட்டர் போரும் 128 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில், மொத்தம் 5,675 கன சென்டிமீட்டர். கிராங்க் 120 பாகை திரும்புந்தோறும் 1-5-3-6-2-4 என்ற கிரமத்தில் ஒவ்வொரு சிலிண்டராக எரிந்து உந்துவதும், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தால் எழும் அதிர்வுகள் ஒன்றையொன்று சமன் செய்துவிடுவதும் இவ்வரிசை அமைப்பின் விசேஷங்கள். ஆகையால், இத்தகைய பழைய எஞ்சினில் சக்தியைக் கூட்டுவது என்பது, ஆறு சிலிண்டர்களும் மீண்டும் சமமாக உழைக்கும்படி செய்வதே என்பது என் திடமான அபிப்பிராயம்.

சீலை உடைப்பதால் என்ன நேரும் என்று யோசித்துப் பார். ஒரு லிட்டர் டீசல் பூரணமாக எரிவதற்கு ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்று வேண்டும். உன் எஞ்சினோ இரண்டு சுற்றுக்கு ஐந்தரை லிட்டர் சொச்சத்துக்கு மேல் மூச்சிழுக்க இயலாதது. டீசலை மட்டும் கூட்டினால், எரிய வழியற்ற மிச்சம் கரும்புகையாகக் கழிவதோடு, லைனரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, பிஸ்டனையும் வால்வையும் அளவு மீறிச் சூடாக்கும். எனவே முதலில் காற்றைக் கவனி. குவாரிச் சாலையின் கல்மாவு, ஆயில் பாத் ஏர் கிளீனரின் அடியில் சேறாக உறைந்திருக்கும். அதை வழித்தெடுத்து, வலையை டீசலில் அலசி, கோடு போட்டிருக்கும் மட்டம் வரையில் மாத்திரம் புது எண்ணெய் ஊற்று. மட்டத்துக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அந்த எண்ணெயையே உறிஞ்சும்.

அடுத்தது எந்தச் சிலிண்டர் சோம்பியிருக்கிறது என்ற பரிசோதனை. எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, டீசலைத் தூவும் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்து. எதைத் தளர்த்தினால் ஓசையில் மாறுதலே இல்லையோ, அந்தச் சிலிண்டர் முன்பே வேலை நிறுத்திவிட்டது. பீறிவரும் டீசலுக்கு எதிரே கையை வைக்காதே, அந்த அழுத்தம் தோலைத் துளைத்துவிடும். தேர்வடம் பிடித்தவர்களில் ஒருவன் இழுக்காமல் வடத்தில் தொங்கினால் மற்றவர்கள் அவனையும் சேர்த்து இழுக்க வேண்டியதுபோல, அந்த ஒன்றின் பாரமும் மற்ற ஐந்தின் தலையில் விழுகிறது. நாசில் தூவாமல் ஒழுகலாம். ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் போயிருக்கலாம். வால்வு சரியாக உட்காராமலும் இருக்கலாம்.

வால்வு விஷயத்தில் உன் கையே போதும். இவ்வெஞ்சினில் 1ம் 6ம், 2ம் 5ம், 3ம் 4ம் ஜோடிகள். ஜோடிப் பிஸ்டன்கள் ஒருங்கே ஏறி ஒருங்கே இறங்கும். எஞ்சின் நன்றாக ஆறிய பின் பிளைவீலை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்து, 6ம் சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடியும் தறுவாயில் இன்லெட் வால்வு திறக்கத் தொடங்குவதை ராக்கர்களின் அசைவில் கண்டவுடன் நிறுத்தினால், 1ம் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் முற்றிலும் மூடியிருக்கும். அப்போது இன்லெட்டுக்கு 0.20, எக்ஸாஸ்டுக்கு 0.30 மில்லிமீட்டர் என்று டேப்பெட்டை வை. ஃபீலர் தகடு இடுக்கில் லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். மூன்றில் ஒரு சுற்று திருப்பினால் 2ல் ராக்கர்கள் ஆடும், 5ஐச் சரிசெய்யலாம்; இவ்வாறே கிரமப்படி ஆறையும் முடித்துவிடு. இடைவெளி குறைந்தால் வால்வு உட்காராமல் கருகும். மிகுந்தால் தாமதமாகத் திறந்து சீக்கிரமே மூடி, மூச்சைக் குறைக்கும்.

உஷ்ணப் பிரதேசத்துக்கு வேண்டாம் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அது சம்மதமில்லை. சிலிண்டர் சுவர் குளிர்ந்தே கிடந்தால், எரிந்த டீசலின் கந்தகம் ஈரத்தோடு கலந்து அமிலமாகி லைனரை அரிக்கிறது. கழற்றியிருந்தால் மறுபடி மாட்டு. ரேடியேட்டரின் அடைப்பை நீக்கு. டர்போ வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அதிக அழுத்தத்தைத் தாங்கும் பிஸ்டனும் கேஸ்கெட்டும் பேரிங்கும் இல்லாத எஞ்சினுக்கு அது வேண்டாம்.

இவையெல்லாம் முடிந்து, கம்ப்ரஷன் ஆறிலும் ஒத்து வந்தால் மட்டும் பம்பையும் நாசில்களையும் கழற்றிக் காலிப்பிரேஷனுக்குக் கொடு. பம்பின் ஆறு எலிமென்ட்களும் தள்ளும் டீசலின் அளவை, கொடுத்தபோது இருந்தது, சரிசெய்தபின் இருப்பது என இரண்டு வரிசையாகச் சீட்டில் எழுதித் தரும்படி கேள். அந்தச் சீட்டை எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டு டைமிங் வைப்பதைப் பற்றி எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா