குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்கள்

தேர்த் திருவிழாவுக்குச் சென்று திரும்பும் குடியானவர், வீட்டிலுள்ள குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பையோ ஊதலோ வாங்காமல் வருவது அபூர்வம். விலையைக் குறித்து வெகுநேரம் பேரம் நடக்கிறது. அச்சாமான் எந்த வயதுக் குழந்தையின் கைக்குப் போகும் என்ற யோசனை மட்டும் எழுவதில்லை.

மூன்று வயது நிரம்பாத குழந்தை, கையில் அகப்பட்டதையெல்லாம் வாயிலிட்டே அறிந்து கொள்கிறது. அதன் மூச்சுக்குழலோ மிகக் குறுகியது. கோலிக்குண்டு, புளியங்கொட்டை, வண்டியினின்று கழன்ற சக்கரம், வெடித்த பலூன் துண்டு ஆகியவை அடைத்துக்கொண்டால் சில நிமிஷங்களில் பிராணாபாயம் நேரும். பரிசோதனைச் சாலைகளில் இதற்கென 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருளை ஒன்றுண்டு. அதனுள் முழுதும் அடங்கும் பொருள் இவ்வயதினர்க்கு ஆகாது. வீட்டில், பெரியவர் தம் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் நுனி சேர்த்து, அவ்வளையத்தில் நழுவுகிறதா என்று பார்க்கலாம். வளையம் சற்றுப் பெரிதுதான். பிழை நேரினும் அது பத்திரமான பக்கத்திலேயே நேரும். தமையனுடைய கோலியைத் தம்பிக்கு எட்டாத பெட்டியில் வைப்பதும் இக்காரணம் பற்றியே.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அடைப்பு நேர்ந்து, அழவும் இருமவும் இயலாது திணறினால், முன்கையின்மீது தலை தாழக் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளின் நடுவே 5 முறை உள்ளங்கையடியால் தட்ட வேண்டும். பிறகு மல்லாத்தி, மார்பெலும்பின்மீது இரு விரல்களால் 5 முறை அழுத்த வேண்டும். பொருள் வெளிவரும்வரை இவ்விரண்டையும் மாற்றி மாற்றிச் செய்க. கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழச் செல்லும்.

களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிக்கும் குன்றிமணியையும் இங்கே குறிப்பிட வேண்டும். தோல் உடையாமல் விழுங்கிய மணி பெரும்பாலும் தீங்கின்றி வெளியேறும். மென்றாலோ, துளையிட்டதை விழுங்கினாலோ, அப்ரின் என்னும் கொடிய நஞ்சு உடலிற் கலக்கும்.

ஒளிவிட்டுப் பாடும் பொம்மைகளிலுள்ள பட்டன் பாட்டரி, உணவுக்குழலில் தங்கினால் 2 மணி நேரத்திற்குள் தசையை அரித்துப் புண்ணாக்க வல்லது. அதன் மூடி திருகாணியால் இறுக்கப்படாத பொம்மையை வாங்கலாகாது. விழுங்கியதாகச் சந்தேகம் தோன்றினாலே, வாந்தி செய்விக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும்.

ஈர்க்குச்சி அம்பும் கிட்டிப்புள்ளும் கண்ணைக் கெடுப்பவை. காயம்பட்ட கண்ணில் தாய்ப்பால் பீச்சுவதும் பச்சிலைச்சாறு பிழிவதும் புண்ணில் கிருமி சேர வழியாகும். தேய்க்காமல், கண்ணைத் தொடாதபடி சுத்தமான கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்துக் கட்டி, கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்க.

கூட்டுறவுப் பண்டகசாலை விளையாட்டுச் சாமான் வரவழைக்குங்கால், ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கவனித்தல் வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் அது கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞரின் பொம்மைகளுக்கு விலக்குண்டு. சாயத்தில் ஈயம் கலந்திருப்பது பார்வைக்குப் புலப்படாது. ஆகையால் பல் முளைக்கும் பருவத்துக் குழந்தைக்குச் சாயமிடாத, விளிம்பு மழித்த மரச்சாமானையே தருவிப்பது நலம்.