விழுந்தவரை விட்டு விலகும் படகு

ஏழாம் வகுப்பில் வேகம் நடத்தும்போது பேருந்தும் இரயிலும்தான் எடுத்துக்காட்டாக வருகின்றன. ஒரு முறை பாய்மரப் படகை எடுத்துக்கொள்ளுங்கள். பலத்த காற்றில் அதன் வேகம் 10 நாட். அதாவது மணிக்கு 18.52 கி.மீ., நொடிக்கு 5 மீட்டருக்குச் சற்று மேல். தளத்திலிருந்து ஒருவர் கடலில் விழுகிறார். பாயை இறக்கிப் படகை நிறுத்த ஒரு நிமிடம் ஆகிறது என்றால்? படகின் வேகம் குறையாதிருந்தால், 300 மீட்டர் தாண்டியிருக்கும். 10 நொடித் தொலைவான 50 மீட்டரையாவது மைதானத்தில் அளந்து, ஒரு மாணவரை அங்கே நிறுத்திக் காட்டலாம்.

மூன்று மீட்டர் அலைகளுக்கு நடுவே தலை மட்டும் கண்ணில் படுவது அரிது. எனவே ஒருவர் வேறு வேலை எதுவும் பாராமல், விழுந்தவரையே கைநீட்டிச் சுட்டிக்கொண்டிருப்பார். மற்றொருவர் மிதவை வீசுவார். யார் எதைச் செய்வது என்பது கரையிலேயே முடிவாகிவிட வேண்டும்.

2018 மார்ச்சில், வோல்வோ ஓஷன் பந்தயத்தின்போது ஜான் ஃபிஷர் தென்பெருங்கடலில் விழுந்தார். உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தார். இடம் மாறுவதற்காகப் பிணைப்புக் கயிற்றை அப்போதுதான் கழற்றியிருந்தார். தேடியும் கிடைக்கவில்லை.

மாணவர்களுக்கான கணக்கு: மிதவையை 5 நொடியில் வீசினால் அவருக்கும் படகுக்கும் இடைவெளி எவ்வளவு? 20 நொடியில்?