பூனையின் மணல் தொட்டியும் நாயின் வாயும்



நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது: "வீட்டில் பூனை இருக்கிறது. மாடிப்படிக்கு அடியில் அதற்கு மணல் தொட்டி வைத்திருக்கிறோம். தோட்டக் காவலுக்கு வளர்க்கும் நாய், பின்கதவு திறந்திருந்தால் நேராக வந்து அந்தத் தொட்டியைக் கிளறித் தின்றுவிடுகிறது. பிறகு திண்ணையில் கிடக்கும் பாயை நக்குகிறது. மருமகள் ஆறு மாதக் கர்ப்பிணி. என்ன செய்வது?"

கேட்டவுடன் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் வீட்டுத் தூய்மை, தொழுகை, வயிற்றுப் பிள்ளையின் நலன், வாயில்லாப் பிராணிகளின் உரிமை ஆகிய நான்கும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியுள்ளன. எனவே இதையே இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

மார்க்கம் காட்டும் அளவு

அபூ கதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய வைத்திருந்த தண்ணீரைக் குடிக்க ஒரு பூனை வந்தது. அவர்கள் பாத்திரத்தை அதற்குச் சாய்த்துக் கொடுத்தார்கள். பூனை அசுத்தமானதல்ல, நம்மைச் சுற்றி வரும் பிராணி என்ற நபிமொழியை அப்போது எடுத்துச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது. ஆனால் பூனையின் எச்சிலுக்குள்ள இந்தச் சலுகை அதன் கழிவுக்கு இல்லை. பூனையின் மலமும் சிறுநீரும் நஜீஸ்தான்.

நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண்ணிட்டுக் கழுவ வேண்டும் என்பது அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸின் கருத்து. ஷாஃபி மத்ஹபில் நாயின் ஈரம் பட்ட பாய்க்கும் துணிக்கும் இதே சட்டம். ஹனஃபி மத்ஹபில் மூன்று முறை கழுவினால் சுத்தமாகிவிடும். இரண்டு மத்ஹபினரும் நம்மிடையே இருப்பதால், ஐயம் உள்ளவர்கள் தங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்காக நாயை வெறுக்க வேண்டியதில்லை. விவசாயக் காவலுக்கும் கால்நடைக் காவலுக்கும் வேட்டைக்கும் நாய் வளர்க்க அனுமதி உண்டு. நம் மாவட்டத்து இராசபாளையம் நாய் காவலுக்குப் பெயர் பெற்றது. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை அதற்குத் தபால் தலையே வெளியிட்டது. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குத் தன் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்பதும், பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் தண்டனைக்கு உள்ளானாள் என்பதும் நாம் அறிந்த ஹதீஸ்களே. இரண்டு பிராணிகளும் நம்மிடம் உள்ள அமானிதம். இரண்டுக்கும் உரிய இடத்தைப் பிரித்துக் கொடுப்பது நம் பொறுப்பு.

நாய் ஏன் தின்கிறது?

பூனையின் உணவு மீனும் இறைச்சியும். அதன் கழிவிலும் அந்த வாடை இருப்பதால் நாய்க்கு அது தின்பண்டமாகத் தெரிகிறது. இது நாயின் இயல்பு. அடித்தால் விட்டுவிடும் என்று எண்ண வேண்டாம். நாம் பார்க்காத நேரத்தில் இன்னும் அவசரமாகத் தின்னப் பழகும். சில நாய்கள் பசியாலும் குடற்புழுவாலும் இப்படிச் செய்வதுண்டு. வயிறாரச் சோறு வையுங்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டி, நாய்க்கும் பூனைக்கும் குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள்.

இதில் என்ன ஆபத்து?

எலி, பறவை, பச்சை இறைச்சி தின்னும் பூனைக்கு 'டாக்ஸோபிளாஸ்மா' என்ற ஒட்டுண்ணி தொற்றலாம். முதன்முறை தொற்றும்போது சில வாரங்கள் வரை அதன் முட்டைகள் பூனையின் மலத்தில் வெளியேறும். கர்ப்பிணிக்கு இந்தத் தொற்று முதன்முறையாக ஏற்பட்டால் அது குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம், கருச்சிதைவும் ஏற்படலாம். அந்த மலத்தைத் தின்ற நாய், தன் வாயிலும் ரோமத்திலும் அதைச் சுமந்து வந்து பாயிலும் குழந்தையின் கையிலும் ஒட்ட வைக்கிறது.

ஆனால் பூனையைத் துரத்திவிடும் அளவுக்குப் பயம் வேண்டாம். மலத்தில் வெளிவந்த முட்டைகள் தொற்றும் நிலையை அடைய 1 முதல் 5 நாட்கள் ஆகும். ஆகவே தினமும் அள்ளிவிட்டாலே பெரும்பகுதி ஆபத்து நீங்கிவிடும். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை காய்கறி, தோட்டத்து மண் ஆகியவற்றாலும் இதே தொற்று வரும் என்பதை மறக்க வேண்டாம்.

செய்ய வேண்டியவை

1. தொட்டியைத் தினமும் காலையும் மாலையும் அள்ளுங்கள். நாய் வரும்போது அங்கே தின்ன ஒன்றும் இருக்கக் கூடாது.

2. கர்ப்பிணி அந்த வேலையைச் செய்யக் கூடாது. "பூனை அவளுடையதுதானே" என்று மருமகளிடம் விட்டுவிடாமல் கணவரோ மாமியாரோ செய்யட்டும். வேறு ஆளே இல்லையென்றால் கையுறை அணிந்து செய்து, பின்னர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

3. பூனை நுழையும், நாய் நுழைய முடியாத வழி அமையுங்கள். மாடிப்படி அடியைப் பலகையால் அடைத்து, ஆறு அங்குல அகலத்தில் ஓட்டை விட்டால் பெரிய நாய் நுழையாது. அறைக்குள் தொட்டி இருந்தால் கதவைக் கொக்கிச் சங்கிலியால் அதே அளவுக்குத் திறந்து வைக்கலாம்.

4. உயரமான திண்டின் மேலும் வைக்கலாம். ஆனால் குட்டிக்கும் வயதான பூனைக்கும் ஏறச் சிரமம்.

5. தொட்டியை மூலையில் அடைத்துவிடாதீர்கள். நாய் மறித்துக்கொள்ளும் என்று பயந்தால் பூனை அங்கே போகாது. அரிசி மூட்டையிலோ தொழுகை விரிப்பிலோ கழிக்கத் தொடங்கும். இடத்தை மாற்றுவதானால் தினம் சிறிது சிறிதாக நகர்த்துங்கள்.

6. வாரம் ஒரு முறை மணலைக் கொட்டிவிட்டு, தொட்டியில் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காய வையுங்கள். பழைய மணலைத் தெருவில் கொட்டாமல் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். அக்கம்பக்கத்தாருக்குத் துன்பம் தராமல் இருப்பதும் ஈமானில் சேர்ந்தது.

மணலுக்குப் பதிலாக எது?

கடையில் விற்கும், ஈரம் பட்டால் கட்டியாகும் களிமண் துகளை நாய் அதிகம் விழுங்கினால் அது குடலை அடைக்கலாம். நாய் வாந்தி எடுத்து, உணவை மறுத்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சாதாரண மணலே போதுமானது. சிவகாசிப் பக்கம் அச்சகத்துக் காகிதத் துண்டுகள் எளிதில் கிடைக்கும். சுத்தமான வெள்ளைக் காகிதமானால் பயன்படுத்தலாம். ஆனால் பட்டாசு ஆலையிலிருந்து வரும், மருந்து பட்ட காகிதத்தையும் குழாயையும் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் பாதத்தில் ஒட்டினால் பூனை அதை நக்கும். தீ ஆபத்தைப் பற்றி இந்த ஊரில் நாம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடி பட்டால்

நாயும் பூனையும் தொட்டியருகே சண்டையிட்டால் கையை நடுவில் நீட்டாதீர்கள். வெடிச் சத்தம் மிகுந்த தீபாவளி நாட்களில் தெருநாய்களும் மிரண்டு உள்ளே நுழையலாம். கதவைச் சாத்தி வையுங்கள். கடியோ கீறலோ பட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் பூசாமல் அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். நோய் முற்றிய பின் அதற்கு மருந்தில்லை.

வீட்டில் கூடிப் பேச

நம் வீட்டில் பூனைத் தொட்டியை யார் அள்ளுகிறார்? அவர் கர்ப்பிணியா, சிறு பிள்ளையா? நாய்க்குத் தனி இடமும் தனிப் பாத்திரமும் இருக்கின்றனவா? இந்த ஆண்டு இரண்டுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா?

கேள்வி கேட்ட சகோதரியின் வீட்டில் இப்போது மாடிப்படி அடியில் பலகை அடைத்திருக்கிறார்கள். காலையில் பஜ்ருத் தொழுகை முடித்து வரும் மகன், தொட்டியை அள்ளிவிட்டுத்தான் டீ குடிக்கிறார். நாய் தோட்டத்தில், பூனை திண்ணையில். நம் வீடுகளையும் அல்லாஹ் தூய்மையாகவும் பாதுகாப்பாகவும் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.