கோழிகளின் ஈரல் நோயும் பூசணம் பிடித்த பிண்ணாக்கும்

கோழி வளர்க்கும் சங்க அங்கத்தினர்களில் அநேகர், ஒரு கோழி மடிந்தால் உடனே ‘வெள்ளைக் கழிச்சல்’ என்று சொல்லி அத்துடன் விட்டுவிடுகிறார்கள். ராணிக்கெட் என்னும் அவ்வியாதி கொடியதே. அதற்குத் தடுப்பூசியும் உண்டு. ஆனால் ஊசி போட்ட கோழிகளும் மடியுமானால் என் செய்வது? ஊசியின்மேல் குறை கூறுவதற்கு முன், தீவன மூட்டையை அவிழ்த்து முகர்ந்து பார்ப்பது நலம். கெட்ட தீவனத்தால் ஈரல் பழுதுபட்ட கோழிக்கு நோயை எதிர்க்கும் சக்தி குன்றிவிடுமாதலால், ஊசி பலியாமற் போவதுண்டு.

கோழி தின்ற ஆகாரம் ஜீரணமாகி இரத்தத்திற் கலந்ததும் முதலில் போய்ச் சேருமிடம் ஈரலேயாகும். விஷப் பொருள்களை முறிப்பதும், பித்தநீரைச் சுரப்பதும், முட்டையின் மஞ்சட்கருவுக்கு வேண்டிய சத்துக்களைத் தயாரிப்பதும் அதன் வேலை. ஆகவேதான் ஈரல் கெடும்பொழுது முதலில் முட்டை குறைகிறது. சாவு பிறகு வருகிறது. இந்த இடைக்காலத்தில் விழித்துக்கொள்பவரே நஷ்டத்திலிருந்து தப்புகிறார்.

1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுக்குள் மடிந்தன. காரணம் புலப்படாமையால் அதற்குப் பெயரிடவும் இயலாமல் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றே அழைத்தார்கள். முடிவில் பிரேஸில் தேசத்திலிருந்து இறக்குமதியான வேர்க்கடலைப் பிண்ணாக்கே காரணமென்று கண்டறியப்பட்டது. அப்பிண்ணாக்கில் அஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பசுமஞ்சள் நிறப் பூசணம் வளர்ந்து, ஈரலை அழிக்கும் விஷத்தை உண்டாக்கியிருந்தது. பூசணத்தின் பெயரை ஒட்டியே விஷத்துக்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயரிட்டனர்.

கடல் கடந்த சங்கதி நமக்கெதற்கு என்று எண்ண வேண்டாம். 1966-இல் மைசூர் ராஜ்யத்தில் இதே காரணத்தால் கோழிக்குஞ்சுகள் மடிந்தன. 1980-களில் சித்தூர் ஜில்லாவிலும் வேர்க்கடலைப் பிண்ணாக்கினால் குஞ்சுகள் பெருவாரியாகச் செத்தன. திருத்தணி, 1960 ஏப்ரல் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்தில் சேரும்வரையில், அந்தச் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஊரே. எல்லைக்கோடு மாறினாலும், இரு பக்கத்து மானாவாரி நிலங்களிலும் கடலைச் செடிக்குப் பெய்யும் மழை ஒன்றுதான்.

அம்மழையிலேதான் சங்கடம் இருக்கிறது. ஆடியில் விதைத்த கடலை புரட்டாசியில் நீரின்றி வாடினால், மண்ணுக்குள்ளேயே காய்களில் வெடிப்புண்டாகிப் பூசணம் புகுகிறது. பிறகு ஐப்பசியில் செடியைப் பிடுங்கும்போது வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்கிறது. களத்தில் குவித்த காய் உள்ளே வெப்பம் கொண்டு புழுங்குகிறது. வெயில் கண்டவுடன் மேற்பரப்பு உலர்ந்து பார்வைக்கு நன்றாகத்தான் தோன்றும். குவியலின் நடுவில் கையை விட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். காயை உடைக்கும்போது பருப்பு நொறுங்காதிருக்கத் தண்ணீர் தெளிக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. இது எடையைக் கூட்டலாம். பூசணத்துக்கு இதைவிட நல்ல உபசாரம் வேறில்லை.

அதன்பின் வீட்டில் நடப்பதை எல்லோரும் அறிவோம். விதைக்கும் விற்பனைக்கும் நல்ல பருப்பைப் பொறுக்கியெடுத்தபின், சுருங்கியதும் கறுத்ததும் சொத்தையுமானவை முறத்தில் மிஞ்சுகின்றன. ‘கோழிக்குப் போடு’ என்கிறோம். அல்லது செக்குக்கு அனுப்புகிறோம். எண்ணெய் பிரிந்தபின் விஷத்தின் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்குகிறது. அதாவது, நிலத்தில் விளைந்த விஷத்தையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து, தேடிக்கொண்டுபோய்க் கோழிக்கு ஊட்டுகிறோம். பிண்ணாக்கை வேகவைத்தாலும் இவ்விஷம் அழியாது. மேலே படர்ந்த பூசணத்தைத் துடைத்துவிட்டு வெயிலில் போட்டால் பூசணம் சாகலாம். முன்னரே உண்டான விஷம் உள்ளேயே இருக்கும். மக்காச்சோளத்திலும் இதே அபாயம் உண்டு.

நோய் கண்ட கோழி தீனி குறைத்து, இறகு சிலிர்த்து, இறக்கைகள் தொங்க நிற்கும், வளர்ச்சி குன்றும். இளங்குஞ்சுகளே அதிகம் மடியும். வாத்துக்குஞ்சுகள் இவ்விஷத்துக்கு மிகவும் மெலியவை, வான்கோழிகள் அதற்கடுத்தவை, கோழிகள் ஓரளவு தாங்கும். அதனால் வாத்தும் கோழியும் ஒரே தீனி தின்னும் வீட்டில், வாத்துக்குஞ்சு முதலில் சாவதை ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளலாம்.

செத்த கோழியை அறுத்துப் பார்த்தால், ஆரோக்கியமான ஈரல் கருஞ்சிவப்பாயும் ஓரங்கள் கூர்மையாயும் இருக்கும். விஷத்தினாற் கெட்ட ஈரல் வெளிறி மஞ்சள் பாரித்து வீங்கி, ஓரம் மழுங்கி, இரத்தப் புள்ளிகளுடன் காணப்படும்; நாட்பட்டால் சுருங்கிக் கெட்டிப்படும். ஆனால் பொரித்து ஒரு வாரமாகாத குஞ்சின் ஈரல் இயல்பாகவே மஞ்சளாயிருக்கும். கரு மஞ்சளின் நிறம் அது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பல கோழிகள் ஒரே நாளில் திடீரென்று மடிந்தாலோ, பறவைக் காய்ச்சலாகவும் இருக்கக்கூடுமாதலால், அறுக்காமலும் வெறுங்கையால் தொடாமலும் கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஈரல் கெடுவதற்கு வேறு காரணங்களும் உள. கோழிக் காலராவில் ஈரல்மேல் ஊசிமுனை போன்ற வெண்புள்ளிகள் தோன்றும். கூண்டில் அடைத்துக் கொழுக்கத் தீனியிட்ட முட்டைக்கோழி கோடையில் திடீரென விழுந்து, கொண்டை வெளிறி, வயிற்றில் இரத்தக் கட்டியுடன் இறந்தால், அது ஈரலிற் கொழுப்புச் சேர்ந்து வெடித்ததன் விளைவு. புறக்கடையில் மேயும் நாட்டுக்கோழிக்கு இது அரிது.

பூசண விஷம் கோழியோடு நிற்பதுமில்லை. 1974-இல் குஜராத், ராஜஸ்தான் ராஜ்யங்களின் மலைக் கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு ஜனங்களுக்கு மஞ்சட்காமாலை கண்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். கெட்ட பிண்ணாக்கைக் கறவைப்பசுவுக்கு வைத்தால் விஷத்தின் ஒரு பகுதி பாலில் இறங்குகிறது. அப்பாலைக் குடிப்பவர் நம் குழந்தைகளே.

ஆகவே காயை மெல்லிய பரப்பாக உலர்த்தி, குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும் பக்குவம் வந்தபின்னரே மூட்டை கட்ட வேண்டும். பருப்பில் ஈரம் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்குக்கு மேலிராமல் காய்ந்தால் பூசணம் வளர்வதில்லை. மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் அடுக்குதல் அவசியம். தனி ஒருவருக்குத் தார்ப்பாயும் களமும் கிட்டாதிருக்கலாம். சங்கம் பொதுவில் வாங்கி வைத்து, அறுவடை முறைப்படி வழங்கினால் செலவு சிறிது, பயன் பெரிது. பொறுக்கிய சொத்தைப் பருப்பை எரித்துவிடுக. மழைக்காலத்தில் பிண்ணாக்கை மாதக்கணக்கில் வாங்கிச் சேர்த்துவையாமல், இரண்டு வாரத் தேவைக்கு மட்டும் வாங்குதல் உத்தமம்.

தீவனத்தில் இவ்விஷம் கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேலிருத்தல் ஆகாது என்பது இந்தியத் தர விதி. 50 கிலோ மூட்டைக்கு 1 மில்லிகிராம்தான். கண்ணுக்கும் மூக்கிற்கும் எட்டாத அளவு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைச்சாலை உண்டு. சங்கம் மொத்தமாகப் பிண்ணாக்கு வாங்கும்போது மாதிரி அனுப்பலாம். விஷம் மூட்டை முழுதும் சமமாகப் பரவியிராது. ஆயிரம் பருப்பில் நாலைந்திலேயே அடங்கியிருக்கலாம். ஆதலால் ஒரு மூட்டையில் ஒரு கை அள்ளிக் கொடுப்பது வீண். பல மூட்டைகளில் மேலும் நடுவிலும் அடியிலும் எடுத்து, நன்கு கலந்து, அதிலிருந்து அனுப்ப வேண்டும்.

நோய் கண்டுவிட்டால் மாற்று மருந்து இல்லை. அன்றே பழைய தீவனத்தை நிறுத்தி, தீனித்தொட்டியைக் கழுவிக் காயவைத்து, புதிய தானியமும் வேறு புரத உணவும் கொடுக்க வேண்டும். வைத்தியர் யோசனைப்படி வைட்டமின்களும், விஷத்தைக் குடலிலேயே பற்றிக்கொள்ளும் பென்டனைட் போன்ற களிமண் பொடியும் சேர்க்கலாம். கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பாரும் உளர். கொடுக்கட்டும், ஆனால் அதே பிண்ணாக்கை அதே தொட்டியில் வைத்துக்கொண்டு கொடுப்பதில் பயனில்லை.