பெயர் எழுதாத படம், பேரேட்டில் ஏறாத கணக்கு

நாம் வியாபாரிகள். சரக்கு யாரிடமிருந்து வந்தது, எந்தத் தேதியில் வந்தது, விலை என்ன என்று குறிக்காமல் ஒரு மூட்டையைக்கூட நாம் கடைக்குள் இறக்குவதில்லை. ஆளின் பெயரில்லாமல் பற்று எழுதுகிறவனைக் கடைக்காரன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் நம் வீட்டு அலமாரியிலும் பிஸ்கட் டின்னிலும் கிடக்கும் பழைய போட்டோக்களை எடுத்துத் திருப்பிப் பார்ப்போம். எத்தனை படங்களின் பின்புறத்தில் பெயர் இருக்கிறது? எத்தனையில் ஊரும் வருஷமும் இருக்கின்றன? கணக்கில் இவ்வளவு கண்டிப்பான நாம், நம் பாட்டன்மார் விஷயத்தில் மட்டும் ஏன் அசட்டையாக இருந்துவிட்டோம் என்பதைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

பேராக் மாநிலத்துக்கும் ரப்பருக்கும் உள்ள தொடர்பு பழையது. 1877-ம் வருஷத்திலேயே கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் தோட்டங்கள் பெருகின. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்களும் பெருகின. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் சபராளிகள், ஈப்போ நகரத் தெருக்களிலும் தோட்டத்து வாசல்களிலும் கடை வைத்தார்கள். ஈப்போ திடலுக்கு அருகே 1908-ம் வருஷத்தில் ஷேக் ஆதம் என்பவர் கட்டுவித்த பள்ளிவாசல், நம்மவர் இங்கே வேரூன்றிவிட்டதற்குச் சாட்சியாக இன்றும் நிற்கிறது.

பள்ளிவாசல் நிற்கிறது; ஆனால் தோட்டத்துக் கடைகள் எங்கே? பால்மரம் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. வேறு பல இடங்கள் வீட்டு மனைகளாகிவிட்டன. லயங்கள் இடிபட்டன. சம்பள நாளன்று கூட்டம் நிறைந்த கடை வாசலைக் காண வேண்டுமானால், இனி ஒரு பழைய படத்தில்தான் காண முடியும். அந்தப் படத்தில் நிற்பவர் யார் என்று சொல்லத் தெரிந்த முதியவர் நம்மிடையே இன்னும் எத்தனை காலம் இருப்பார்? அவர் போனபின் அது வெறும் காகிதம். இதனாலேயே இக்காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறோம்.

ஒரு படத்தைப் படிப்பது எப்படி என்பதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். தோட்டத்துக் கடையொன்றின் முன்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயர் இல்லை, தேதியும் இல்லை. முதலில் கொடியைத் தேட வேண்டும். கொடியில் 11 கோடுகள் இருந்தால் அது 1950-க்குப் பிற்பட்ட மலாயாக் கூட்டரசின் கொடி. 14 கோடுகள் இருந்தால் படம் 1963-க்குப் பிற்பட்டது. சுவரில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் படம் தொங்கினால், பெரும்பாலும் 1936-க்கும் 1952-க்கும் இடைப்பட்ட காலம் எனலாம். பின்னணியில் ஈப்போ ரயில் நிலையத்தின் இன்றைய கட்டடம் தெரிந்தால், அது 1917-ஐ ஒட்டிக் கட்டி முடிந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பின்புறத்தில் ஸ்டூடியோவின் முத்திரை இருந்தால் அதில் உள்ள தெருப் பெயரைக் கவனிக்க வேண்டும். ஹியூ லோ தெரு என்பது இன்றைய ஜாலான் சுல்தான் இஸ்கந்தர்; புரூஸ்டர் சாலை என்பது இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா. பழைய பெயர் இருந்தால் படமும் பழையது. இவ்விதம் கொடி, சுவர், கட்டடம், முகவரி ஆகிய நான்கையும் சோதித்தால் காலம் ஓரளவு பிடிபட்டுவிடும்.

சிறிய படங்களையும் இகழக் கூடாது. 1948-ம் வருஷம் ஜூன் மாதம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. அவ்வருஷமே 12 வயதுக்கு மேற்பட்டோர் அனைவரும் படம் ஒட்டிய அடையாளக் கார்டு எடுக்க வேண்டியதாயிற்று. லயத்தில் வாழ்ந்த எத்தனையோ பேருக்கு வாழ்நாளில் எடுத்த முதற் படம் அதுவாகவே இருந்திருக்கும். தபால் தலையளவே உள்ள அந்தப் படத்தில்தான் ஒரு குடும்பத்தின் கொள்ளுப்பாட்டனார் முகம் தங்கியிருக்கிறது.

ஆனால் கொடியும் முத்திரையும் காலத்தைச் சொல்லுமேயன்றி ஆளைச் சொல்லமாட்டா. ஆளைச் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள். அவர்களும் ஓரிடத்தில் இல்லை. இங்கே எடுத்த படத்தின் ஒரு பிரதியை, "நான் சுகமாயிருக்கிறேன்" என்று தெரிவிக்க ஊருக்கு அனுப்புவது சபராளிகளின் வழக்கம். 1926-லிருந்து 1970-களின் தொடக்கம் வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலில் எத்தனை படங்கள் போயினவோ, யாரறிவார்! பிறகு 1969-ல் வேலை உரிமச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை பெறாத பல்லாயிரம் இந்தியர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களோடும் படங்கள் போயின. ஆகவே நம் படத்தின் ஜோடிப் படம் தமிழ்நாட்டில் ஒரு பெரியம்மா வீட்டுப் பெட்டியில் இருக்கக்கூடும். இங்கே முகம் இருக்கும், அங்கே கடிதத்தில் பெயர் இருக்கும். பற்று ஓரிடத்திலும் வரவு ஓரிடத்திலும் கிடந்தால் கணக்கு எப்படி முடியும்? இரண்டு ஏட்டையும் ஒத்துப் பார்ப்பதுபோல, இரு கரைக் குடும்பங்களும் படங்களைப் பரிமாறி ஒத்துப் பார்க்க வேண்டும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. நம் கடை வாசலில் எடுத்த படத்தில் நம்மவர் மட்டும் நிற்பதில்லை. கிராணியார் நிற்கிறார், கங்காணி நிற்கிறார், பால் மரம் வெட்டியவர், சீனத்துக் கூட்டாளி, மலாய்க்கார அண்டை வீட்டார் எல்லாரும் நிற்கிறார்கள். அவர்களும் யாரோ ஒருவருடைய பாட்டனார், பாட்டியார். தோட்டம் கைமாறி, குடும்பம் சிதறி, கையில் ஒரு படமுமின்றிப் போனவர்களின் பிள்ளைகளுக்கு, நம் டின்னில் கிடக்கும் படம் ஒன்றே சாட்சியாக இருக்கலாம். அது நம்மிடம் உள்ள அமானிதம். அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பது நம் கடமையன்றோ? பிரதி எடுத்துக் கொடுப்பதால் நமக்குக் குறைவது ஒன்றுமில்லை.

நம்மில் சில வீடுகளில் படமே இராது. படம் வேண்டாமென்று இருந்த பெரியவர்கள் உண்டு. பெண்களைப் படம் எடுக்காத வீடுகள் பல. அந்தக் கொள்கையை நாம் மதிக்க வேண்டும். அவ்வீட்டுப் பெண்களின் படம் இருந்தால், குடும்பத்தாரின் சம்மதமின்றி வெளியே கொடுக்கவும் கூடாது. ஆனால் முகம் மறைவாக இருக்கலாம், பெயர் மறையலாகாது. கணவர் பல வருஷம் சபரில் இருக்க, ஊரில் பிள்ளைகளையும் வீட்டையும் கட்டிக்காத்தவர்கள் அந்த உம்மாமார்கள். படமில்லாவிடில் அவர்கள் பெயரையாவது வம்சாவளியில் எழுதி வைப்போம். பழைய பாஸ்போர்ட், கடை வாடகை ரசீது, நிக்காஹ் அழைப்பிதழ், பற்று வரவுப் புத்தகம் ஆகிய இவையும் படத்துக்கு ஈடான ஆதாரங்களே.

இனிச் செய்முறை. பேனாவால் எழுதினால் மை ஊறி முன்பக்கம் தெரியும். ஆகவே மென்மையான பென்சிலால் படத்தின் பின்புறத்து ஓரத்தில், அழுத்தாமல், இடமிருந்து வலமாகப் பெயர்களைக் குறிக்க வேண்டும். நிச்சயமில்லாத பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட வேண்டும். சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுவது நலம். கிழிந்த படத்தில் ஒட்டு நாடா ஒட்டக் கூடாது. பிசின் தடவிய பக்கங்கள் கொண்ட ஆல்பங்கள் நாளடைவில் படத்தைக் கெடுத்துவிடும். ஆனால் ஒட்டிப்போன படத்தை இழுத்துப் பிய்ப்பது அதைவிடக் கேடு. பக்கத்தோடு பிரதி எடுத்துக்கொள்ளலாம். நம் நாட்டு ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்குமாதலால், வெளிச்சுவரையொட்டிய அலமாரியில் வைக்கலாகாது. ஸ்கேன் எடுக்கும்போது அங்குலத்துக்கு 600 புள்ளிகளுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். அடையாளக் கார்டுப் படமானால் 1200. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தரம் குறைந்துவிடும். கோப்பாக அனுப்பினால் முழுமையாகச் சேரும்.

இது பிறர் செய்யாத காரியமும் அல்ல. பாண்டிச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிரதியெடுத்துப் பாதுகாத்திருக்கிறது. நம் ஈப்போவிலேயே, ஹக்கா ஈயச் சுரங்க முதலாளிகளின் பழைய சங்கக் கட்டடமான ஹான் சின் பெட் சூ, 2015-ல் காட்சியகமாகத் திறக்கப்பட்டுப் படங்களாலும் பொருள்களாலும் அக்காலத்து வாழ்வை விளக்குகிறது. அதே நகரத்தில் மளிகையும் துணியும் நாணய மாற்றும் நடத்திய நம் முன்னோரின் பக்கத்தை எழுத வேண்டியவர்கள் நாமேதான்.

வருஷத்துக்கு ஒரு முறை கடையில் இருப்பு எடுக்கிறோம். வருகிற பெருநாளன்று குடும்பம் கூடும்போது வீட்டிலும் ஓர் இருப்பு எடுப்போம். டின்னைத் திறந்து மூத்தவர் முன்னால் படங்களை வைப்போம். பேரன் ஒருவன் பென்சிலுடன் உட்காரட்டும். "இது யார், அத்தா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், மற்றதை அவரே சொல்லுவார். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வோம். அன்று பத்துப் படங்களுக்குப் பெயர் ஏறினாலும் அது லாபக் கணக்கே.